வீட்டு நீச்சல் குளத்தில் தண்ணீரை மிச்சம் பிடிக்க: கவரா, நிழல் வலையா, புது ஃபில்டரா?

மாசி முடிந்து வெயில் ஏறத் தொடங்கியதும் சென்னையின் ஈசிஆர், ஓஎம்ஆர் சாலைப் பக்கத்து வீடுகளில் இருந்து ஒரே கேள்வி வெவ்வேறு வடிவத்தில் வரும். "குளம் நாளுக்கு நாள் இறங்குது, ஒரு கவர் வாங்கிப் போட்டுடலாமா?" "சாண்ட் ஃபில்டரைக் கழட்டிட்டு காட்ரிட்ஜ் போட்டா பேக்வாஷே தேவையில்லையாமே?" "மேலே பந்தல் மாதிரி வலை கட்டினா போதாதா?" (பேக்வாஷ் என்றால் ஃபில்டர் மணலில் தண்ணீரைத் தலைகீழாக ஓட்டிக் கழுவி, அழுக்கோடு வெளியே விடுவது.) மூன்றையும் சேர்த்து வாங்க யாருக்கும் மனம் வராது. ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும், அதுவும் சித்திரை வெயிலுக்கு முன்னால்.

2019 ஜூனில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் ஏறக்குறைய வறண்டு கிடந்ததைப் பார்த்த ஊர் இது. குளத்துக்கு லாரி வந்து நின்றால் தெருவே திரும்பிப் பார்க்கும். அதனால் தண்ணீர்ச் செலவு இங்கே பணக் கணக்கு மட்டும் இல்லை.

பேச வசதியாக ஒரு குளத்தை எடுத்துக்கொள்வோம். 8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், சராசரி ஆழம் 1.4 மீட்டர். பரப்பு 32 சதுர மீட்டர், கொள்ளளவு ஏறக்குறைய 45,000 லிட்டர். நீர்மட்டம் ஒரு மில்லிமீட்டர் இறங்கினால் 32 லிட்டர் போனதாக அர்த்தம். மோட்டார் நிமிடத்துக்கு 200 லிட்டர் தள்ளுகிறது என்று வைத்துக்கொள்ளலாம். விலைகள் கடைக்குக் கடை மாறுவதால் ரூபாயில் பேசவில்லை. 12,000 லிட்டர் தனியார் லாரியை அளவாக வைத்துக்கொள்கிறேன். உங்கள் பகுதியில் ஒரு லாரி என்ன விலையோ, அதால் பெருக்கிக்கொள்ளுங்கள்.

## எதை வைத்து எடை போடுவது

ஆண்டுக்கு எத்தனை லாரி மிச்சமாகும் என்பது முதல் கேள்வி. அந்த மிச்சத்துக்குத் தினமும் யார் உடம்பு வளைய வேண்டும் என்பது இரண்டாவது. தண்ணீரின் உப்பை இது ஏற்றுமா இறக்குமா என்பது மூன்றாவது. இதைக் கடைக்காரர் யாரும் சொல்ல மாட்டார். நான்காவது, வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் பாதுகாப்பு.

இந்த நான்குக்கும் முன்னால், தண்ணீர் எந்த வழியாகப் போகிறது என்று தெரிய வேண்டும். நம் மாதிரிக் குளத்தில் கணக்கு இப்படி வரும்:

| போகும் வழி | எப்படிக் கணக்கிட்டது | ஆண்டுக்கு லிட்டர் | லாரி |
|---|---|---|---|
| ஆவியாதல் | நாளுக்குச் சராசரி 5 மி.மீ. | 58,000 | 5 |
| வாரம் ஒரு பேக்வாஷ், ரின்ஸ் | மூன்றரை நிமிடம் | 36,000 | 3 |
| அடித் தூசியை வேக்கம் போட்டு உறிஞ்சிக் கழிவுக் குழாயில் விடுதல் | வாரம் 10 நிமிடம் | 1,04,000 | 9 |
| கசிவு | நாளுக்கு 1 செ.மீ. | 1,17,000 | 10 |
| ஒருமுறை முழுக்கக் காலி செய்தல் | மொத்தக் கொள்ளளவு | 45,000 | 4 |

வெயிலைத்தான் எல்லோரும் திட்டுகிறார்கள். பட்டியலில் அது மூன்றாவது இடத்தில் இருக்கிறது. சென்னையில் ஆண்டுக்குப் பெய்யும் சுமார் 1,400 மி.மீ. மழை குளத்தின் மேலேயே விழுவதால், கணக்குப்படி ஏறக்குறைய ஒரு குளம் நிறையத் தண்ணீர் வானத்தில் இருந்தே வருகிறது. ஆனால் அதில் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை கொட்டி, விளிம்பு தாண்டி வழிந்துவிடும். பங்குனி, சித்திரைக்கு உதவாது.

உப்பு விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆவியாகும்போது தண்ணீர் மட்டும்தான் போகும், உப்பு குளத்திலேயே தங்கும். நீங்கள் ஊற்றும் போர் தண்ணீரோ லாரித் தண்ணீரோ 1,000 டி.டி.எஸ். (லிட்டருக்கு ஒரு கிராம் கரைந்த உப்பு) என்றால், ஆண்டில் 58,000 லிட்டர் ஊற்றும்போது கூடவே 58 கிலோ உப்பும் இறங்குகிறது. வழிதலும் பேக்வாஷும் இல்லாவிட்டால் ஓராண்டில் குளத்தின் டி.டி.எஸ். 1,300 ஏறிவிடும். டைல்ஸ் விளிம்பில் வெள்ளைப் படலம், ஹீட்டர் இருந்தால் அதற்குள்ளும் படிவு, கடைசியில் "தண்ணி பழசாயிடுச்சு சார், மாத்திடலாம்" என்று நான்கு லாரி. ஆகவே ஆவியாவதைத் தடுத்தால் இரண்டு முறை மிச்சம்: இன்றைக்கு ஊற்றும் தண்ணீர், பின்னால் கொட்டும் தண்ணீர்.

## வாங்குவதற்கு முன்: வாளிச் சோதனை

கசிவு இருக்கும் குளத்துக்குக் கவர் வாங்குவது வீண். ஒரு பிளாஸ்டிக் வாளியில் குளத்துத் தண்ணீரையே நிரப்பி, குளத்தின் மேல்படியில் வையுங்கள். மிதக்காமல் இருக்க உள்ளே ஒரு செங்கல். வாளிக்குள் நீர்மட்டம் எங்கே இருக்கிறது, வெளியே குளத்து மட்டம் எங்கே இருக்கிறது, இரண்டையும் மார்க்கரால் கோடு போடுங்கள். 24 மணி நேரம் யாரும் குளிக்க வேண்டாம், மழையும் வேண்டாம். மறுநாள் வாளிக்குள் 6 மி.மீ. இறங்கி வெளியே 16 மி.மீ. இறங்கியிருந்தால், அந்த 10 மி.மீ. வெயிலின் வேலை இல்லை. மோட்டார் ஓடும்போது ஒருமுறை, நிறுத்தி வைத்து ஒருமுறை செய்தால், கசிவு குழாயிலா தொட்டியிலா என்று ஓரளவு பிடிபடும். ஓடும்போது மட்டும் அதிகம் இறங்கினால் திரும்பி வரும் பிரஷர் குழாய் மீது சந்தேகம் வைக்கலாம்.

சோதனைக்கு முன் தானாக நிரப்பும் மிதவை வால்வை மூட மறக்காதீர்கள். கசிவை வருடக்கணக்கில் மறைத்து வைப்பது அதுதான். குளம் எப்போதும் நிறைந்தே இருக்கும், போர் மோட்டார் மட்டும் ஏனோ அடிக்கடி ஓடும்.

கசியும் இடங்கள் பெரும்பாலும் தெரிந்தவைதான்: மேல்தண்ணீரை உள்ளே இழுக்கும் ஸ்கிம்மர் வாயும் சுவரும் சேரும் இடம், விளக்குப் பொந்து, தண்ணீர் திரும்பி வரும் துளைகளின் விளிம்பு. சந்தேகப்பட்ட இடத்தருகே, மோட்டாரை நிறுத்திவிட்டு, கலர் சாயம் ஒரு சொட்டு விட்டால் விரிசல் அதை உள்ளே இழுக்கும். இன்னொரு இடத்தை யாரும் பார்ப்பதே இல்லை. ஃபில்டரில் தண்ணீர் போகும் வழியை மாற்றும் மல்டிபோர்ட் வால்வுக்குள் நட்சத்திரம் மாதிரி ஒரு ரப்பர் கேஸ்கெட் இருக்கும். அது தேய்ந்தால், கைப்பிடி 'ஃபில்டர்' நிலையில் இருக்கும்போதே கழிவுக் குழாயில் நூல் மாதிரி தண்ணீர் போய்க்கொண்டிருக்கும். கழிவுக் குழாயின் வாய் செடி மறைவில் இருந்தால் யாருக்குத் தெரியும்? கேஸ்கெட் விலை ஒரு லாரித் தண்ணீரைவிடக் குறைவு.

## கவர்

ஆவியாவதைத் தடுப்பதில் இதை மிஞ்ச ஒன்றும் இல்லை. தண்ணீர் மேல் முழுதாகப் படிந்து கிடக்கும் நேரத்தில் பத்தில் ஒன்பது பங்கைத் தடுத்துவிடும். "கிடக்கும் நேரத்தில்" என்பதுதான் நிபந்தனை. கவரைச் சுருட்டி மூலையில் வைத்துவிட்டு மாலை முழுக்கப் பிள்ளைகள் ஆடினால், கடற்காற்று வீசும் நேரம் பார்த்துக் குளம் திறந்து கிடக்கிறது.

நம் ஊரில் இதற்கு ஒரு சிக்கல் உண்டு. பபிள் கவர் குளிர் நாடுகளில் தண்ணீரைச் சூடாக வைக்கவே வந்த சாமான். நீல நிறக் குமிழி கவரை மே மாதத்தில் பகலெல்லாம் போட்டு வைத்தால் தண்ணீர் வெந்நீராகும். சூடு ஏறினால் குளோரின் சீக்கிரம் தீரும், பாசி சுறுசுறுப்பாகும், பாசி வந்தால் கூடுதல் பேக்வாஷ். மிச்சம் பிடித்ததில் ஒரு பங்கு அங்கே போய்விடும். வாங்குவதாக இருந்தால் வெளிப்பக்கம் வெள்ளியோ வெளிர் நிறமோ உள்ள, ஒளி புகாத வகையைப் பாருங்கள். மார்ச் முதல் ஜூன் வரை வாரம் ஒருநாளாவது இரவில் திறந்துவிட்டால் சூடு தணியும்.

மறைமுகச் செலவுகள் இன்னும் சில உண்டு. 32 சதுர மீட்டர் கவரை ஒருவர் தனியாக இழுத்துப் போட முடியாது. உருளை வேண்டும், அதற்குக் குளத்தின் ஒரு முனையில் இடம் வேண்டும். சிறுநீரக வடிவக் குளம் என்றால் வெட்டித் தைக்க வேண்டும். தமிழ்நாட்டு வெயிலிலும் குளோரினிலும் குமிழிகள் சில ஆண்டுகளில் உதிர ஆரம்பிக்கும். உதிர்ந்த பிளாஸ்டிக் துணுக்கு ஸ்கிம்மர் கூடையில் வந்து நிற்கும். மழைத் தண்ணீர் கவரின் மேல் குட்டையாகத் தேங்கினால் டெங்குக் கொசு முட்டையிடும்.

எல்லாவற்றையும்விட முக்கியம்: மிதக்கும் கவர் பாதுகாப்புச் சாதனம் இல்லை. அதன் மேல் கால் வைக்கும் குழந்தை உள்ளே போய்விடும், மேலே கவர் மூடிக்கொள்ளும், வெளியில் இருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. நடமாடும் வயதுக் குழந்தை இருக்கும் வீட்டில், சுற்றி வேலியும் பூட்டிய கதவும் இல்லாமல் கவர் வேண்டாம் என்பேன். பட்டை பட்டையாகக் கோத்த தானியங்கி கவர் இதில் மேல்தான், ஆனால் அது வேறு பட்ஜெட்.

## நிழல் வலை

நர்சரிகளில் கட்டும் 75 சதவீதப் பச்சை வலையைக் குளத்துக்கு மேல் இரும்புக் குழாய்ச் சட்டத்தில் கட்டுவது. கவர் அளவுக்குத் தடுக்காது. ஆனால் தினமும் யாரும் எதையும் இழுக்க வேண்டாம், பிள்ளைகள் ஆடும்போதும் அது வேலை செய்துகொண்டே இருக்கும். நாலு மணி நேரம் போட்டு இருபது மணி நேரம் மறந்துபோகும் கவரைவிட, எப்போதும் இருக்கும் வலை ஆண்டுக் கடைசியில் அதிகம் மிச்சம் பிடித்திருக்கும்.

தண்ணீர் குளிர்ச்சியாக இருப்பது கூடுதல் லாபம். குளோரினைத் தின்பதில் சூரியனின் புற ஊதாக் கதிருக்குப் பெரிய பங்கு உண்டு. நிழலில் குளோரின் நீடிப்பதால், அதைக் காக்கப் போடும் சயனூரிக் அமிலமும் குறைவாகப் போதும். அந்த அமிலம் ஏன் தண்ணீர் விஷயம் என்பதற்குப் பிறகு வருகிறேன்.

குறை காற்றில் இருக்கிறது. வலை வெயிலைத் தடுக்கும், பக்கவாட்டில் வரும் காற்றை அவ்வளவாகத் தடுக்காது. கடலோர வீட்டில் மதியத்துக்கு மேல் வீசும் காற்று நீர்ப்பரப்பின் ஈரத்தை வாரிக்கொண்டு போகும். அங்கே கிழக்குப் பக்கம் ஆளுயர மறைப்பு, குத்துச்செடி வேலியோ மூங்கில் தட்டியோ, வலைக்குத் துணையாக வேண்டும். புயல் மாதங்களுக்கு முன் வலையைக் கழற்றும்படி கொக்கியில் மாட்டுங்கள். கம்பியால் முறுக்கிக் கட்டினால் டிசம்பர் காற்றில் சட்டமும் சேர்ந்து போகும். 2016 வர்தா போன ஊரில் இதை விளக்கத் தேவையில்லை.

மரம் வைக்கலாமா என்று கேட்பார்கள். நிழலுக்கு நல்லது, குளத்துக்குக் கெட்டது. வேப்பம்பூ உதிரும் மாதத்தில் வேக்கம் போட்டு மாளாது, வேர் குழாயைத் தேடி வரும்.

திரவக் கவர் என்று பாட்டிலில் விற்பதும் உண்டு. கண்ணுக்குத் தெரியாத மெல்லிய கொழுப்பு ஆல்கஹால் படலம் தண்ணீர் மேல் பரவும். காற்று அடிக்காத, சுற்றுச்சுவர் உள்ள முற்றத்துக் குளத்தில் ஓரளவு பலன் இருக்கும். ஈசிஆர் காற்றில் படலம் ஒரு மூலைக்கு ஒதுங்கிவிடும். விட்டுவிடலாம்.

## ஃபில்டரை மாற்றுவது

காட்ரிட்ஜ் ஃபில்டரில் பேக்வாஷ் கிடையாது. மடிப்பு மடிப்பான துணிக் குழலை வெளியே எடுத்து ஹோஸ் பைப்பால் கழுவினால் சரி. நூறு, நூற்றைம்பது லிட்டரில் முடிந்துவிடும். கேட்கும்போது கண்ணைப் பறிக்கும். ஆனால் கடினத் தண்ணீரில் அந்த மடிப்புகளுக்குள் சுண்ணாம்பு இறுகும். அவ்வப்போது ஆசிட் கலந்த தண்ணீரில் ஊற வைக்க வேண்டும், அதற்கும் கைகொடுக்காத நாளில் புதுக் காட்ரிட்ஜ். பாசி வந்தால் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். நமக்குப் பழகிய படிகாரம் போடும் வேலை இதில் நடக்காது.

இதில் இன்னொரு முடிச்சு இருக்கிறது. பேக்வாஷில் வெளியே போகும் தண்ணீர் உப்பையும் கொஞ்சம் கொண்டு போகிறது. பதிலாக ஊற்றுவது குளத்தைவிட உப்புக் குறைந்த தண்ணீர். அந்த வாசலை அடைத்துவிட்டால் உப்பும் சயனூரிக் அமிலமும் இன்னும் வேகமாகச் சேரும். மூன்று லாரி மிச்சம் பிடித்து, வழக்கத்தைவிட முன்னதாகவே நான்கு லாரியைக் கொட்ட வேண்டிவரும். ஊற்றும் தண்ணீர் நல்ல தண்ணீராக இருக்கும் வீட்டுக்குத்தான் காட்ரிட்ஜ். 1,500 டி.டி.எஸ். போர் உள்ள வீட்டுக்கு நான் சொல்ல மாட்டேன்.

அப்போ என்ன செய்வது? இருக்கும் சாண்ட் ஃபில்டரை ஒழுங்காக நடத்தினாலே போதும். அதன் தலையில் ஒரு பிரஷர் கேஜ் இருக்கிறது. நிறைய வீடுகளில் கண்ணாடி மங்கி, முள் ஒரே இடத்தில் செத்துக் கிடக்கும். புது கேஜ் மாட்டுங்கள். பேக்வாஷ் முடிந்ததும் முள் நிற்கும் இடத்தைக் குறித்துக்கொண்டு, அதற்கு மேல் 8 முதல் 10 பி.எஸ்.ஐ. ஏறும்போது மட்டும் அடுத்த பேக்வாஷ். கூட்டம் இல்லாத வீட்டுக் குளத்தில் இது பல வாரத்துக்கு ஒருமுறைதான் வரும். வாரா வாரம் செய்வது குளத்துக்காக இல்லை, ஆள் வந்து போனதற்கு அடையாளமாக. உண்மையில் லேசாக அழுக்குப் பிடித்த மணல்தான் நுண்தூசியை நன்றாகப் பிடிக்கும்; அடிக்கடி கழுவினால் தெளிவு குறையும்.

ஒருமுறை பக்கத்தில் நின்று பாருங்கள். வால்வின் பக்கவாட்டில் கண்ணாடிக் குமிழ் ஒன்று இருக்கும். பேக்வாஷ் தொடங்கியதும் அதில் டிகாஷன் நிறத்தில் தண்ணீர் சுழலும், பிறகு டீ, பிறகு வெளிறிய மஞ்சள். இரண்டு, இரண்டரை நிமிடத்தில் தெளிந்துவிடும். தெளிந்த பிறகு ஓடும் ஒவ்வொரு நிமிடமும் 200 லிட்டர். பூல் ஆள் போனில் பேசிக்கொண்டே எட்டு நிமிடம் விட்டால் ஆயிரத்துக்கு மேல் நல்ல தண்ணீர் சாக்கடைக்குப் போகிறது.

மணலுக்குப் பதில் கண்ணாடித் துகள் நிரப்புவது நடுவழி. பேக்வாஷ் தண்ணீர் கொஞ்சம் குறையும். மணல் மாற்றும் முறை வரும்போது யோசிக்கலாம், அதற்காக நல்ல மணலைக் கொட்ட வேண்டாம்.

பேக்வாஷ் தண்ணீரை ஒரு பழைய 1,000 லிட்டர் தொட்டியில் பிடித்து, இரண்டு மூன்று நாள் திறந்து வைத்தால் குளோரின் போய்விடும், தென்னைக்கு விடலாம். உப்பு குளோரினேட்டர் உள்ள குளம் என்றால் செடிப் பக்கமே கொண்டு போகாதீர்கள்.

## வேக்கமா, ரோபோவா

பட்டியலில் ஒன்பது லாரி இந்த வரிக்குத்தான். அடியில் படிந்த தூசியை உறிஞ்சும்போது மல்டிபோர்ட்டை 'வேஸ்ட்' நிலையில் வைத்தால் அழுக்கும் தண்ணீரும் சேர்ந்து வெளியே போகும். ஃபில்டர் அழுக்காகாது என்பதால் வேலை செய்பவருக்கு வசதி. பாசி செத்து அடியில் மாவாகப் படிந்திருக்கும் நாளில் இதுதான் சரியான வழியும்கூட. சாதாரண வாரத்தில் 'ஃபில்டர்' நிலையிலேயே வேக்கம் போட வேண்டும். செலவே இல்லாத இந்த ஒரு மாற்றம், மேலே சொன்ன எந்தச் சாமானைவிடவும் அதிகம் மிச்சம் பிடிக்கும்.

ரோபோ கிளீனர் தன் வயிற்றுப் பையிலேயே அழுக்கைப் பிடிப்பதால் குளத்துத் தண்ணீர் ஒரு சொட்டும் வெளியே போகாது. சாண்ட் ஃபில்டரின் சுமையும் குறையும். ஆனால் விலை கவரையும் வலையையும் தாண்டும், கெட்டுப்போனால் உதிரி கிடைக்க நாளாகும். மரங்களுக்கு நடுவே இருக்கும் பண்ணை வீட்டுக்கு நியாயமான செலவு. நகரத்து வீட்டில் ஆளிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

## எந்த வீட்டுக்கு எது

சனி, ஞாயிறு மட்டும் போகும் கடலோர வீடு: கவர், வெளிர் நிறத்தில். ஐந்து நாள் தொடர்ந்து மூடிக் கிடக்கும், காற்றையும் தடுக்கும், இழுக்கும் வேலை வாரம் இரண்டு முறைதான். போகும்போது பிள்ளைகள் இறங்குவதற்கு முன் கவரை முழுக்கச் சுருட்ட வேண்டும்; பாதி சுருட்டுவது ஆபத்து.

தினமும் பிள்ளைகள் குதிக்கும் நகரத்து வீடு, பெருங்குடி மாதிரி, சுற்றிலும் கட்டடம்: நிழல் வலை. இங்கே கவரை முதல் மாதம் ஆசையாகப் போடுவீர்கள், அப்புறம் அது மாடிக்குப் போய்விடும்.

கோயம்புத்தூர் பக்கத்துத் தோப்பு வீடு, சருகு கொட்டும் இடம்: கவர் இருந்தால் ஆவியும் குறையும் சருகும் விழாது, ரோபோவுக்குப் பணம் இருந்தால் அடுத்தது அது.

விளிம்பு தாண்டி வழியும் இன்ஃபினிட்டி குளம் என்றால் கவர், வலை எல்லாம் இரண்டாவது. நனைந்த விளிம்பும் வழியும் தண்ணீரும் கூடுதலாக ஆவியாகும். ஆள் இல்லாத நேரத்தில் வழிதலை நிறுத்தி மோட்டார் ஓடும் நேரத்தைக் குறையுங்கள்.

புது ஃபில்டர் இந்த வரிசையில் எங்கும் இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். பழைய சாண்ட் ஃபில்டர் உடைந்து, எப்படியும் மாற்ற வேண்டும் என்ற நிலையில், நல்ல தண்ணீரும் இருந்தால் மட்டும் காட்ரிட்ஜைப் பற்றிப் பேசலாம்.

## தண்ணீரை மாற்றியே ஆக வேண்டும் என்றால்

முதலில் ஏன் மாற்றுகிறோம் என்று பார்க்க வேண்டும். பச்சையாகிவிட்டது என்பது காரணம் இல்லை. குளோரினும் பிரஷும் ஃபில்டரும் சில நாளில் அதைச் சரிசெய்யும். சயனூரிக் அமிலம் 100 பிபிஎம் தாண்டி, குளோரின் எவ்வளவு போட்டாலும் வேலை செய்யவில்லை என்பது காரணம். டி.டி.எஸ்.ஸும் கடினத்தன்மையும் எகிறியது காரணம். அமிலம் எங்கிருந்து வருகிறது என்றால், மிதவையில் போடும் பெரிய குளோரின் மாத்திரைகளில் இருந்து. டிரைகுளோர் மாத்திரை கரைந்து முடிந்ததும் எடையில் பாதிக்கு மேல் சயனூரிக் அமிலமாகக் குளத்தில் தங்கும். அது ஆவியாகாது, ஃபில்டரிலும் நிற்காது. தினமும் மாத்திரையையே நம்பும் குளம் சில மாதத்தில் எல்லையைத் தொடும். அளவு 50ஐ நெருங்கியதும் திரவக் குளோரினுக்கு மாறிவிட்டால் இந்தக் கொட்டலே தள்ளிப்போகும்.

முழுக்கக் காலி செய்வதா, மூன்றில் ஒரு பங்கு மாற்றுவதா? பங்கு மாற்றினால் அளவும் அதே பங்கு குறையும். 90 இருந்தது 60 ஆகும், அது போதும். 15,000 லிட்டரில் முடியும் வேலைக்கு 45,000 எதற்கு? வண்டியில் ஆர்.ஓ. கொண்டு வந்து குளத்துத் தண்ணீரையே சுத்தம் செய்யும் சேவை கிடைத்தாலும், கழிவு நீர் எத்தனை சதவீதம் என்று கேட்டுவிட்டு ஒப்புக்கொள்ளுங்கள். பாதிக்குப் பாதி கழிவு என்றால் லாபம் இல்லை.

முழுக்கக் காலி செய்வதில் தண்ணீரைவிடப் பெரிய நஷ்டம் காத்திருக்கிறது. கடலோர மணல் பூமியில் மழைக்காலத்தில் நிலத்தடி நீர் குளத்தின் அடிமட்டத்துக்கு மேலே வந்துவிடும். உள்ளே எடை இல்லாத தொட்டியைக் கீழிருந்து தூக்கும். தரை வெடிக்கலாம், தொட்டியே எழும்பலாம். நவம்பர், டிசம்பரில் ஈசிஆரில் குளத்தைக் காலி செய்யச் சொல்பவர் யாராக இருந்தாலும் ஒப்புக்கொள்ள வேண்டாம்.

பங்கு மாற்றத்துக்குச் சரியான நேரம் செப்டம்பர் கடைசி. நிலத்தடி நீர் இறங்கியிருக்கும், வடகிழக்குப் பருவமழை வாசலில் நிற்கும். 2003 முதல் தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்பதால் மாடியில் இருந்து குழாய் ஏற்கெனவே இறங்கிக்கொண்டிருக்கும். அதில் ஒரு டீ இணைப்பு, ஒரு வால்வு, சல்லியும் மணலும் போட்ட வடிகுழி சேர்த்தால் குளத்துக்குத் திருப்பிவிடலாம். முதல் மழையை விட்டுவிடுங்கள், மாடியில் காக்கை எச்சமும் தூசியும் இருக்கும். அதன் பிறகு 100 சதுர மீட்டர் மாடியில் 100 மி.மீ. பெய்தால், சிந்தியது சிதறியது போக, ஒரு லாரிக்குக் கொஞ்சம் குறைவாக உப்பில்லாத தண்ணீர் கிடைக்கும். மழைத்தண்ணீரில் காரத்தன்மை மிகக் குறைவு, டைல்ஸ் இடுக்குச் சிமென்டை அரிக்கும். நிரம்பியதும் சோதனைக் கிட்டில் காரத்தன்மையைப் பார்த்து, 80 பிபிஎம்முக்குக் கீழே இருந்தால் சமையல் சோடா போட்டு ஏற்றிவிடுங்கள்.